இசப்கோல், கொழுப்பு, வயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இரத்தப் பரிசோதனைத் தாளோடு வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததும் கேட்பது, "இசப்கோல் சாப்பிட்டால் கொழுப்பு குறையுமாமே?" என்றுதான். குறையும். ஆனால் எவ்வளவு சாப்பிட்டால், எவ்வளவு குறையும், யாருக்கு அது போதாது என்பதைக் கேட்காமலே கிளம்பிவிடுகிறார்கள். ராத்திரி ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எண் அசையவே இல்லை என்று வருத்தத்தோடு வருகிறார்கள். அந்த ஒரு ஸ்பூன் வயிற்றுக்குப் போதலாம், கொழுப்புக்குப் போதாது. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் நேரில் என்னிடம் கேட்கப்பட்டவை.

இசப்கோல் என்பது உண்மையில் என்ன? மருந்தா, உணவா?

பிளான்டாகோ ஓவாட்டா என்ற சிறு செடியின் விதை மேல் இருக்கும் மெல்லிய உமிதான் இசப்கோல். விதை படகு போல வளைந்திருக்கும். பாரசீகக்காரர்களுக்கு அது குதிரையின் காது போலத் தெரிந்திருக்கிறது; இசப்கோல் என்ற பெயரே அந்தப் பொருள்தான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் குளிர்காலப் பயிராக விளைகிறது. குஜராத்தின் ஊஞ்ஜா சந்தை இதற்குப் பேர்போனது. உலகத்தில் அதிகம் விளைவித்து ஏற்றுமதி செய்வதும் நம் நாடுதான். அமெரிக்காவில் 1934 முதல் விற்கப்படும் மெட்டாமுசில் என்ற பவுடரின் மூலப்பொருளும் இதே உமிதான்.

நார்ச்சத்து என்பதால் உணவு வகைதான். ஆனால் கிராம் கணக்குப் பார்த்து, தண்ணீர் கணக்குப் பார்த்து, மற்ற மாத்திரைகளோடு இடைவெளி பார்த்துச் சாப்பிட வேண்டியது. அந்த வகையில் மருந்துக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

நார்ச்சத்து இரத்தத்தில் கலப்பதே இல்லை. பிறகு எப்படி இரத்தத்தில் உள்ள கொழுப்பைக் குறைக்கிறது?

நல்ல கேள்வி. இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் உள்ள பித்த உப்புகளைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. சாப்பிட்டதும் பித்தநீர் குடலுக்குள் இறங்கி, எண்ணெயையும் நெய்யையும் செரிக்க உதவுகிறது. வேலை முடிந்ததும் பித்த உப்பில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி, கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். நம் உடம்பு அவ்வளவு சிக்கனம்.

இசப்கோல் தண்ணீரில் ஊறினால் வழவழப்பான கூழாகிறது அல்லவா? குடலுக்குள்ளும் அதே கூழ்தான். அந்தக் கூழில் பித்த உப்பில் ஒரு பகுதி சிக்கி, மலத்தோடு வெளியே போய்விடுகிறது. போனதை ஈடுகட்ட, கல்லீரல் புதிதாகப் பித்த உப்பு செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். உடனே தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாம் கெட்ட கொழுப்பு என்று சொல்கிறோமே, அந்த எண் குறைவது இப்படித்தான்.

ஆக, வேலை செய்வது நார் என்ற பெயர் அல்ல, அந்தக் கூழ். கூழாகாத நார் குடலில் எத்தனை நல்லது செய்தாலும் எல்டிஎல்லை அசைக்காது.

சரி, கொழுப்பு குறைய எவ்வளவு சாப்பிட வேண்டும்?

ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் உமி. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1998 இல் இசப்கோல் பொட்டலங்களில் இதயநலம் பற்றி எழுத அனுமதி கொடுத்தபோது வைத்த நிபந்தனை, நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நார். அதுவும் ஏறக்குறைய 10 கிராம் உமிக்குச் சமம்.

இதை வீட்டுக் கரண்டியில் சொல்கிறேன். உமி பஞ்சு போல எடையில்லாதது. தலைதட்டிய ஒரு டீஸ்பூனில் 2 கிராம்கூடத் தேறாது. தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி சுமார் 5 கிராம். அதாவது இரண்டு மேசைக்கரண்டி வேண்டியிருக்கும் இடத்தில் ஒரு டீஸ்பூன் போட்டுக்கொண்டிருக்கிறோம், ஆறில் ஒரு பங்கு! நைசாகப் பொடித்த தூளாக இருந்தால் அதே கரண்டியில் எடை கூடும். சமையல் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள், பிறகு கண் அளவு பழகிவிடும். பவுடரில் சர்க்கரையும் சுவையும் சேர்த்திருந்தால் பொட்டலத்தின் பின்பக்கம் படியுங்கள். ஒரு கரண்டியில் எத்தனை கிராம் உமி என்று எழுதாத டப்பாவை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது, நேரம். பித்தநீர் இறங்குவது சாப்பாட்டு வேளையில். அதனால் கொழுப்புக்காக எடுப்பவர்கள் 5 கிராம் வீதம் இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டை ஒட்டி எடுப்பது நல்லது. வெறும் மலச்சிக்கலுக்கு என்றால் இரவில் எடுக்கலாம், ஆனால் குடித்த கையோடு படுக்கக் கூடாது.

எவ்வளவு குறையும்? எத்தனை நாளில்?

2018 இல் 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று உண்டு. அதில் தினம் 10 கிராம் அளவில் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 13 புள்ளி அளவுக்குக் குறைந்திருந்தது. உங்கள் எல்டிஎல் 150 என்றால் 137, 138 என்ற இடத்துக்கு வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்களிலேயே மாற்றம் தொடங்கிவிடும். ஆனாலும் இரண்டு, மூன்று மாதம் விடாமல் எடுத்த பிறகு பரிசோதித்தால்தான் எண்ணை நம்பலாம். நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் இதனால் ஏறாது. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பிலும் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குச் சோற்றின் அளவையும் இனிப்பையும் மதுவையும்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே சாப்பிடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டாட்டின், அதன் அளவைப் பொறுத்து, எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கக்கூடியது. இசப்கோல் 5 முதல் 10 சதவீதம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை நோய் உள்ளவர், எல்டிஎல் 190க்கு மேல் இருப்பவர் ஆகியோருக்கு டாக்டர் மாத்திரை எழுதுவது வெறும் எண்ணைப் பார்த்து அல்ல. அவர்கள் உமியை நம்பி மாத்திரையை விட்டால் இழப்பு பெரிது.

சேர்த்து எடுப்பதில்தான் இதன் அருமை தெரியும். 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமோடு தினம் 15 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்கு, அதே மாத்திரையை 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு இணையாக எல்டிஎல் குறைந்தது. மாத்திரை அளவைக் கூட்டினால் உடம்பு வலி வருகிறது என்று சொல்பவர்கள், இதை டாக்டரிடம் எடுத்துச்சொல்லிக் கேட்கலாம். எல்லைக்கோட்டில், எல்டிஎல் 130க்கும் 150க்கும் நடுவில், வேறு நோய் எதுவும் இல்லாமல் இருப்பவர்களிடம் "மூன்று மாதம் உணவில் பாருங்கள்" என்று டாக்டரே சொல்லும்போதும் இது கைகொடுக்கும்.

கடையில் இன்னும் பல நார்ச்சத்துப் பவுடர்கள் இருக்கின்றனவே? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கெட்டியாகக் கூழானால் ஒரு வகை, தெளிந்த தண்ணீராகவே இருந்தால் வேறு வகை.

தெளிவாகக் கரையும் வகையில் முக்கியமானவை இன்யூலினும் கோதுமை டெக்ஸ்ட்ரினும். இன்யூலினை சிக்கரி வேரிலிருந்து எடுக்கிறார்கள். நம் ஃபில்டர் காபியில் கலக்கிற அதே சிக்கரிதான். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரிகளுக்கு இது தீனி. எல்டிஎல் பக்கம் பெரிய பலன் இல்லை, வாயு மட்டும் சிலருக்கு அதிகம். "கலந்தது தெரியவே தெரியாது" என்று விளம்பரம் செய்கிறார்களே, கொழுப்புக்காக வாங்குகிறவருக்கு அது ஒரு குறைதான்.

கூழாகும் வகையில் இசப்கோல், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின் ஆகியவை வரும். ஓட்ஸுக்கு அதே அமெரிக்க அமைப்பு 1997 இல் அனுமதி தந்தது, அளவு தினம் 3 கிராம் பீட்டா குளுக்கான். அதற்கு 70, 80 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டியிருக்கும். அதைக் காலையில் ஒரே கிண்ணத்தில் முடிப்பவர்கள் நம் ஊரில் குறைவு. குவார் பிசினில் இன்னொரு சேதி: வயிற்றுக்கு இதமானது என்று கொடுக்கப்படும் நீராற்பகுத்த (சிறு துண்டுகளாக உடைத்த) குவார் பிசின் கூழாகாதபடி மாற்றப்பட்டது. வயிற்றுக்கு நல்லது, கொழுப்புக்கு அவ்வளவாக இல்லை.

மலச்சிக்கலுக்கும் இசப்கோல், பேதிக்கும் இசப்கோல் என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

இரண்டுமே உண்மை, காரணம் மறுபடியும் அந்தக் கூழ்தான். இசப்கோலைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் அதிகம் நொதிக்கச் செய்வதில்லை. அதனால் குடலின் கடைசி வரை அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மலம் இறுகிக் கிடந்தால் அந்த ஈரம் அதை இளக்குகிறது. மலம் தண்ணீராகப் போனால் அந்தத் தண்ணீரைக் கூழ் பிடித்துக்கொண்டு உருத்திரட்டுகிறது. மூலமும் ஆசனவாய் வெடிப்பும் உள்ளவர்களுக்கு முக்காமல் போக முடிவதே பெரிய நிம்மதி, அவர்களுக்கு டாக்டர்கள் இதை எழுதுவது அதனால்தான்.

ஆனால் காய்ச்சலோடு, இரத்தத்தோடு வரும் பேதிக்கு இது வைத்தியமல்ல.

எடுக்கத் தொடங்கியதிலிருந்து வயிறு உப்பிக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடலாமா?

முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டி போட்டீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பதே பதில். கொழுப்புக்கு 10 கிராம் வேண்டும் என்று மேலே சொன்னேன், ஆனால் அங்கே போய்ச்சேர மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு டீஸ்பூன். அடுத்த வாரம் காலையும் இரவும் ஒவ்வொரு டீஸ்பூன். அப்புறம் மெல்ல மெல்ல மேசைக்கரண்டிக்கு. இடையில் எங்காவது வயிறு சிரமப்பட்டால், ஒரு படி இறங்கி அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள்.

உமியால் வரும் உப்புசம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டப்பாவில் இன்யூலினும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகளும் வாயுவைக் கிளப்பும். நாட்கணக்கில் மலம் இறுகித் தேங்கியிருக்கும் வயிற்றில் மேலே மேலே உமியைப் போட்டாலும் அடைப்பும் வலியும்தான் கூடும். முதலில் தேங்கியது வெளியேற வேண்டும், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

எனக்கு ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். கோதுமைத் தவிடு சாப்பிடலாமா?

தவிடு பலருக்கு வலியைக் கூட்டிவிடுகிறது. நெதர்லாந்தில் 275 நோயாளிகளை வைத்து நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்கு இசப்கோல், இன்னொன்றுக்குத் தவிடு, மூன்றாவதற்கு அரிசி மாவு என்று தினம் 10 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். இசப்கோல் பிரிவுக்கு நிவாரணம் தெரிந்தது. தவிட்டுப் பிரிவில் பலர், தொல்லை கூடிவிட்டது என்று பாதியிலேயே விலகினார்கள். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலும் ஐபிஎஸ்ஸுக்கு இசப்கோல் போன்ற கரையும் நாரையே சொல்கிறது, தவிடு போன்ற கரையாத நாரை அல்ல. "நார்ச்சத்து சாப்பிட்டுப் பார்த்தேன், மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் எந்த நார் என்று கேட்டால், பெரும்பாலும் தவிடாகத்தான் இருக்கும்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்கிறார்களே, அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

என் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. ஒருநாள் இரவு, பாதி தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உமியைப் போட்டுவிட்டு, தொலைபேசி வந்ததால் எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அது களி போல இறுகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் கரண்டியால் எடுத்து விழுங்கிவிட்டார். நெஞ்சில் அடைத்துக்கொண்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மருத்துவமனையில் குழாய் விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் நான் பட்ட பயம் இன்னும் போகவில்லை. இத்தனைக்கும் அந்த உமியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். எப்படிக் குடிப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: 5 கிராமுக்குக் குறைந்தது 250 மில்லி, அதாவது ஒரு பெரிய தம்ளர் தண்ணீர். கலக்கியதும் கெட்டியாவதற்குள் குடித்துவிடுங்கள். பின்னாலேயே இன்னொரு தம்ளர் வெறும் தண்ணீர். கெட்டியாகிவிட்டால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது கூடவே கூடாது. தயிரில் கலந்து சாப்பிடுகிறவர்களும் பின்னால் தண்ணீர் குடிக்க வேண்டும். 1990 இல் அமெரிக்காவில் கேல்-பேன் 3000 என்ற குவார் பிசின் மாத்திரையைத் தடுத்து நிறுத்தினார்கள். எடை குறைய விழுங்கிய அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஊதிப் பலருக்கு அடைத்துக்கொண்டதே காரணம்.

நான் தைராய்டு, சர்க்கரை மாத்திரைகள் எடுக்கிறேன். கூடவே இதையும் எடுக்கலாமா?

கூடவே வேண்டாம். பித்த உப்பைப் பிடிக்கும் கூழ் மாத்திரையையும் பிடித்துவைக்கும், அல்லது மெதுவாக உடம்பில் சேரச்செய்யும். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் வேண்டும். அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டால் இசப்கோலை மதிய, இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது சுலபம். லித்தியம், டிகாக்சின், கார்பமாசெபின், வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையையும் கொஞ்சம் தணிக்கும். நல்லதுதான். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் முதல் சில வாரம் அடிக்கடி சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் சாப்பிட்டால் குடல் இதற்கே பழகிவிடாதா?

உமிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இது குடலைத் தூண்டி வேலை வாங்குவதில்லை, மலத்தை ஈரமாக வைத்திருப்பதோடு சரி. ஆனால் "நார்ச்சத்து" என்ற பெயரில் விற்கும் சில சூரணங்களில் நிலவாகை இலை சேர்ந்திருக்கும். அது குடலைத் தூண்டி வெளியேற்றும் மலமிளக்கி, நார்ச்சத்து அல்ல. எடுத்த மறுநாள் காலை வயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நிலவாகையை மாதக்கணக்கில் தானாகச் சாப்பிடுவது சரியல்ல.

பவுடர் இல்லாமல் சாப்பாட்டிலேயே முடியாதா?

வயிற்றுக்கு முடியும், அதுதான் என் முதல் விருப்பமும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி 100 கிராம் வெள்ளை அரிசியில் நார் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம். கறுப்புக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். வெந்தயத்தில் ஏறக்குறைய பாதி நார்தான், ஊறவைத்தால் வழவழவென்று ஆகிறதே, அதே கூழ். மூன்று வேளையும் அரிசியாக இருக்கும் வீட்டில் ஒரு வேளையைக் கம்பங்கூழாகவோ கேழ்வரகு அடையாகவோ மாற்றி, ஒரு கைப்பிடி சுண்டலும் ஒரு கொய்யாவும் சேர்த்தாலே பலருக்குப் பவுடர் தேவைப்படாது.

கொழுப்புக்கு மட்டும், கூழாகும் நாரை 7 கிராம் அளவுக்குத் தினமும் சாப்பாட்டிலிருந்தே எடுப்பது சிரமம். அங்கேதான் உமி உதவுகிறது. உமி எடுக்கிறோமே என்று பரோட்டாவும் பஜ்ஜியும் தொடர்ந்தால் குறைந்த 13 புள்ளியும் திரும்ப ஏறிவிடும்.

யார் எடுக்கவே கூடாது? எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், உணவுக்குழாயோ குடலோ சுருங்கியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் எடுக்கக் கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகும் நடுக்குவாதத்திலும் விழுங்கும் சிரமம் வெளியே தெரியாமல் இருக்கும், அந்தப் பெரியவர்களுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறுக்கோ இதயச் செயலிழப்புக்கோ தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால், இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்கும் இந்த உமி உங்களுக்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். தூள் மூக்கில் பட்டால் தும்மலும் மூச்சுத்திணறலும் வருகிறவர்களுக்கு இது ஒவ்வாமை. மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் இந்தத் தூளைக் கலக்கிக் கொடுத்த செவிலியர்களுக்கு அப்படி வந்திருக்கிறது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப்பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உமியால் சரிசெய்து பார்க்க வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள். உமி குடித்த பிறகு நெஞ்சில் அடைப்பது போல இருந்தாலோ, எச்சில் இறங்காவிட்டாலோ, மேலும் தண்ணீர் ஊற்றி இறக்கப் பார்க்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.